கரைக்காரர் மறித்த சீமெண்ணெய் லாரி

எண்ணெய்க்கு ஜென்ம விரோதி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், மூன்று உலகத்திலும் தேடினாலும் எங்கள் கரைக்காரர் ஒருவர்தான் அகப்படுவார். வடை என்றால் அவருக்கு உயிர். ஆனால் ஒரு வடை தின்றுவிட்டு இரண்டு கைப்பிடி மண்ணைப் போட்டுக் கையைத் தேய்ப்பார். தேய்த்த தேய்ப்பில் உள்ளங்கையில் ரேகையே கிடையாது என்று ஊரில் பேச்சு.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், பந்தல்குடிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்துக்கு நான் ஆரம்பப் பள்ளி வாத்தியாராகப் போனேன். ஊர்க் கிணறுகள் அத்தனையும் உப்பு. வாயில் வைக்க முடிந்தது ஊரணித் தண்ணீர் ஒன்றுதான். அதற்குக் காவல் கரைக்காரர். ஊரணியில் மாடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லா ஊரிலும் உள்ள கட்டுப்பாடு. எண்ணெய்த் தலையோடு கரையில் ஏறக் கூடாது என்பது மட்டும் இவர் சொந்தச் சரக்கு.

முதல் சனிக்கிழமையே மாட்டிக்கொண்டேன்.

"வாத்தியாரய்யா, நில்லுங்க. தலையில என்ன?"

"முடி."

"முடி மேல?"

"எண்ணெய்."

"அப்பத் தலைய இங்கன வச்சிட்டு ஒடம்ப மட்டும் கொண்டுக்கிட்டுப் போங்க."

ஊரைவிட்டு வெளியே போகக் கரைதான் குறுக்கு வழி. அது இல்லையென்றால் கரிசல் காட்டைச் சுற்றி ஒன்றரை மைல். மழை பெய்துவிட்டால் அந்த வழியில் செருப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கல்யாண மாப்பிள்ளை முத்தையாவையே, தலை பளபளவென்று இருக்கிறது என்று அந்தப் பக்கம் திருப்பிவிட்டார் மனுஷர். முழங்கால் சேற்றோடு மணவறைக்குப் போனவனைப் பார்த்துப் பெண் வீட்டார், "மாப்பிள்ள உழுதுட்டு வாராகளா?" என்று கேட்டார்களாம். அன்றைக்கு முத்தையா விட்ட சாபம் ஊருக்கே தெரியும்: "இந்தக் கெழவன் மண்டையப் போட்டாத்தான் நமக்கெல்லாம் விமோசனம்!"

இப்படி இருக்கையில் தூத்துக்குடி ரோட்டுப் பாலம் மழையில் உடைந்தது. லாரிகளெல்லாம் எங்கள் கரைமேல் போக ஆரம்பித்தன. பருத்தி லாரியைக் கரைக்காரர் கும்பிட்டு அனுப்பினார். நாலாம் நாள், கப்பலில் வந்த சீமெண்ணெயை ஏற்றிக்கொண்டு ஒரு டாங்க் லாரி வந்தது. பின்னால் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கரைக்காரர் துண்டை விரித்து நடுக்கரையில் படுத்துவிட்டார்.

"பெரியவரே, எந்திரிங்க! சண்டைக்குப் போற லோடு. வெள்ளக்காரத் தொரையே வந்துருவாரு!" என்று டிரைவர் கத்தினான்.

"வரட்டும். அவரு தலையில எண்ண இருக்கான்னு மொதல்ல பாக்கணும்."

துரை வரவில்லை. மத்தியான வெயிலில் தாசில்தார் வந்தார். வந்ததும் வராததுமாக, "உன்னை ஜெயிலில் போடுகிறேன் பார்" என்றார். கரைக்காரர் எழுந்து ஒரு செம்பு ஊரணித் தண்ணீரை நீட்டினார். தாசில்தார் அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார். கரைக்காரர் செம்பை நிரப்பி, லாரிக் குழாயடியில் ஒரே ஒரு சொட்டுப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இதயும் குடிங்க எசமான்."

முகர்ந்து பார்த்த தாசில்தாரின் முகம் எட்டுக் கோணலாகப் போயிற்று.

"எசமான் வேற ஊர்ல போயித் தண்ணி குடிப்பீக. இந்தச் சனம் எங்கிட்டுப் போகும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் இந்த மனிதரைப் பரிகாசம் செய்தோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

எண்ணெய் லாரி எல்லாம் கரிசல் வழி என்று தாசில்தார் உத்தரவு போட்டார். போட்டது அவர், பட்டது நாங்கள்! பாலம் கட்டி முடிகிறவரை சேற்றில் சிக்கிய ஒவ்வொரு லாரிக்கும் வடம் கட்டி ஊரே இழுத்தது. முன்னால் நின்று "ஏலேலோ" போட்டவர் கரைக்காரர். முத்தையா வடத்தையும் இழுத்தான், வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டவும் திட்டினான்.

அடுத்த ஐப்பசியில் கரைக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அன்றும் அடைமழை. எடுப்பதற்கு முன்னால் வழக்கப்படி, சொந்தபந்தம் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் எண்ணெயும் அரப்புத் தூளும் அவர் தலையில் வைத்தார்கள். பாடையின் முன்கொம்பை முத்தையா கேட்டு வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

சுடுகாட்டுக்கும் கரைதான் குறுக்கு வழி. கரையடிக்கு வந்ததும் முத்தையா நின்றான். பிறகு கரிசல் காட்டுப் பக்கம் திரும்பினான்.

"ஏலே, கரை வழியாப் போனா கிட்டக்கதான?" என்றார் வெளியூர் உறவுக்காரர் ஒருவர்.

"தலையில எண்ண இருக்குல்ல," என்றான் முத்தையா. "வைவாரு."

அவன் அழுதுகொண்டிருந்தான். ஊர் மொத்தமும் சேற்றில் இறங்கியது. அன்று நான் தலைக்கு எண்ணெய் வைத்திருக்கவில்லை. தாராளமாகக் கரைமேல் போயிருக்கலாம். கால் வரவில்லை. ஒன்றரை மைலும் அவர் பின்னாலேயே நடந்தேன்.