வெளிப்பூச்சுக்கு மட்டும்

எங்கள் குடும்பத்தை நான்கு தலைமுறையாக ஒரு பூச்சியும் கடித்ததில்லை. ஏதாவது கடித்திருந்தால் அது அந்தப் பூச்சியின் சொந்தக் கருத்து, குடும்பம் பொறுப்பல்ல.

அத்தகைய வீட்டில், என் மகளுக்கு நிச்சயித்திருக்கும் இடத்துப் புதுச் சம்பந்தி நான்கு மணிக்கு வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை, கூடத்து நாற்காலியில் அமர்ந்து மேனேஜர் காதைச் சொறிந்தார். மேனேஜர் என்பது பூனை. பகலெல்லாம் தூங்கிவிட்டு மாலையில் எல்லோரையும் முறைப்பதால் கிடைத்த பதவி. கண் திறக்காத குட்டியாக வந்ததைப் பஞ்சில் பால் நனைத்து ஊட்டி வளர்த்தவள் என் மருமகள்.

அவசரக் கூட்டம் கூட்டினேன்.

"தெள்ளுப்பூச்சியா இருக்கும் மாமா" என்றாள் மருமகள்.

"அந்த வார்த்தையை இந்த வீட்டுல சொல்லாதே. பக்கத்து வீட்டுலேர்ந்து வந்த விருந்தாளின்னு சொல்லு."

"நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டலாம்ப்பா" என்றான் மகன்.

"சம்பந்தி இன்னிக்கு வர்றார். மானம் என்ன நாளைக்கா போகப்போகுது?"

மகன் நடக்கப் போகும்போது கைகாலில் அடித்துக்கொள்ளும் பூச்சி விரட்டி ஸ்ப்ரே அலமாரியில் இருந்தது. தலைவன் எதையும் முதலில் தன் மீதே சோதிக்க வேண்டும். நேராக முகத்தில் அடித்துக்கொண்டேன். பலன் அபாரம். பத்து நிமிடத்துக்கு ஒரு பூச்சியும் என் கண்ணில் படவில்லை. வேறு எதுவுமே படவில்லை.

"கையில எடுத்து, கண்ணுல படாம தடவணும்ப்பா" என்றான் மகன், என் முகத்தில் தண்ணீரை வாரி இறைத்தபடி.

பிறகு, முறைப்படி, பாட்டிலில் இருந்ததைப் படித்தேன். மூக்குக் கண்ணாடி போடும் வழக்கம் எங்கள் பரம்பரையில் கிடையாது. 'வெளிப்பூச்சிக்கு மட்டும்' என்று தெளிவாக இருந்தது. மேனேஜர் மேல் இருப்பதோ பக்கத்து வீட்டிலிருந்து வந்தது, அதாவது, வெளிப்பூச்சி. சட்டம் நம் பக்கம்.

"பூனைக்கு அடிச்சிடாதீங்க மாமா. அது நக்கிடும்."

"நம்ம வீட்டுப் பூனை கண்டதையும் நக்காதும்மா."

அவள் சமையலறைக்குப் போனதும் கடமையை நிறைவேற்றினேன். மேனேஜர் நக்கினார். தலை முதல் வால் வரை, ஒரு மயிர் விடாமல். அரை மணியில் வாயில் நுரை வந்தது, கால்கள் உதறின. மருமகள் அவரைத் துண்டில் சுருட்டிக்கொண்டு, அழுதபடி வாசலுக்கு ஓடினாள். அங்கே சம்பந்தி, காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு?"

"மேனேஜருக்கு உடம்பு சரியில்லை" என்றேன், கம்பீரமாக.

"ஆபீஸ் மேல இவ்வளவு பாசமா" என்று கண் கலங்கியவர், எல்லோரையும் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து வால் வெளியே வந்தபோதுதான் அவருக்குச் சற்றுக் குழப்பம்.

கால்நடை மருத்துவர் மேனேஜரைச் சோப்புத் தண்ணீரில் கழுவினார், ஊசி போட்டார், பாட்டிலைப் பார்த்தார்.

"யார் அடிச்சது?"

மருமகள் என்னைப் பார்த்தாள். சம்பந்தியும் பார்த்தார். நான்கு தலைமுறையும் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தது.

"அதுவே அடிச்சுக்கிச்சு டாக்டர். பாட்டில்ல எழுதியிருக்கே, வெளிப்பூச்சிக்குன்னு."

"பூச்சி இல்லீங்க ஐயா, பூச்சு. உடம்புக்கு மேல பூசுறது. அதுவும் மனுஷ உடம்புக்கு."

ஓர் எழுத்து வித்தியாசம். அச்சுப்பிழை என்று மன்னித்துவிட்டேன்.

ஆறு மணிக்கு மேனேஜர் கண் திறந்தார். மருமகளின் விரலை முகர்ந்தார். பிறகு என்னை முறைத்தார். குணமாகிவிட்டது என்பது உறுதியாயிற்று.

மருத்துவர் எழுதிய சீட்டைச் சம்பந்தி வாங்கி, எல்லோர் காதிலும் விழும்படி, நிறுத்தி நிதானமாகப் படித்தார்:

"மருந்து, தினம் இரண்டு வேளை. பூனையைப் பெரியவர்களின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்."