ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்தது எனக்கல்ல, உலைக்கு

பரளச்சி,
12.8.1988

அன்புள்ள தம்பி மகன் ஆனந்தகுமாருக்கு, அத்தை சந்தனம்மாள் ஆசியுடன் எழுதுவது.

முதலில் ஒரு திருத்தம். நான் சாகக் கிடப்பதாக நரிக்குடிவரை பேச்சு. பொய். மாடிப்படி ஏறினாலும் எனக்கு மூச்சு வாங்குவதில்லை.

காரணம் நீ அனுப்பிய ஆக்ஸிஜன் சிலிண்டர். பஸ்ஸில் கண்டக்டர் "யாருக்குய்யா?" என்று கேட்க, நம் ஷெட் வேலையாள் மாரிச்சாமி, "எங்கம்மா வீட்டுக்கு" என்றிருக்கிறான். சரியான பதில், போதாத பதில். மறுநாள் காலையில் என் நாத்தனார் முத்துத்தாய் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக அழுதுகொண்டே வந்து இறங்கினாள். வாசலில் நின்று வரவேற்றேன், நம்பவில்லை. "கடைசி நேரத்துல இப்படித்தான் தெம்பு வரும் மதினி. எங்க மாமியாரும் எந்திரிச்சு நடந்தாக."

உட்காரவைத்து விளக்கினேன். யிட்ரியம், பேரியம், செம்பு இவற்றின் தூள்களைச் சேர்த்து அரைத்து, வில்லையாக அழுத்தி, உலையில் சுட்டு, ஆக்ஸிஜன் ஓட்டத்தில் மெதுவாக ஆறவிட வேண்டும். அந்தப் பீங்கானைக் கடுங்குளிரில் வைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும், அதன்மேல் வைத்த காந்தம் அந்தரத்தில் மிதக்கும். மெட்ராஸ் ஈரக்காற்று வில்லைகளைக் கெடுப்பதால்தான் மாமாவின் பழைய பஞ்சு ஜின்னிங் ஷெட்டில் உலை வைத்திருக்கிறாய் என்றேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு வெளியே போய், "நெனவு தப்பிருச்சு. வாய்க்கு வந்ததப் பேசுறாக" என்று அதற்குள் கூடிவிட்ட சொந்தக்காரர்களிடம் அழுதாள்.

அன்று மத்தியானம் ஷெட்டில் வில்லைகள் உலையில் ஆறிக்கொண்டிருந்தன. காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தவள் கண்ணயர்ந்துவிட்டேன். முத்துத்தாய் உலைக்குப் போன குழாயைப் பிடுங்கி என் மூக்கில் வைத்துவிட்டாள். விழித்தபோது சிலிண்டர் காலி, சுற்றிலும் சொந்தபந்தம். திட்டினேன். "கல்லு மூச்சு முட்டிச் சாகவா போகுது மதினி?" என்கிறாள்.

பார்வைக்கு வில்லைகள் நீ சொன்ன சரியான கறுப்பாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஆக்ஸிஜன் குறைந்தால் பயனில்லை என்று சொன்னது நீதான். அடுத்த மாதம் பேராசிரியர் முன்னால் காந்தம் மிதக்காவிட்டால் உன் ஆராய்ச்சியே நின்றுவிடும் என்பதை மறக்கவில்லை. கவலைப்படாதே. அதே வில்லைகளை ஆக்ஸிஜனில் மறுபடி சூடாக்கி ஆறவிட்டால் சரியாகிவிடும் என்பது என் முடிவு. இம்முறை ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். கான்வென்ட்டில் படித்தவள் ஒரே தவறை இரண்டு முறை செய்யமாட்டாள்.

காந்தம் மிதக்கட்டும். நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் அத்தை,
சந்தனம்மாள்

பி.கு.: சிலிண்டர் இரண்டாக அனுப்பு. குழாய் மூக்கில் இருந்த அந்த மத்தியானம்தான், பல மாதங்களுக்குப் பிறகு நெஞ்சு அடைக்காமல் தூங்கினேன். மாடிப்படி பற்றி மேலே எழுதியதை அடித்துவிடவும். முத்துத்தாய்க்குத் தெரிய வேண்டாம். போன் செய்யாதே, போஸ்ட் ஆபீஸில் எல்லோர் காதிலும் விழும். வில்லைகளை மறுபடி சூடாக்கலாமா என்பதற்குக் கடிதத்திலேயே பதில் எழுது.