லடாக்கில் ஒரு மணல்வலம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இயற்கைக் காட்சிப் புகைப்படக் கலைஞர் என்று என்னை நானே அழைத்துக்கொண்ட முதல் மூன்று வருடங்களில் நான் எடுத்தது ஒரே ஒரு மலையை. விடிகாலையில் மலை, மழையில் மலை, மேகத்துக்குள் பாதி மறைந்த மலை, வேங்கிக்கால் ஏரியில் தலைகீழாக மலை, கலெக்டர் ஆபீஸ் மொட்டைமாடியிலிருந்து மலை. (அங்கேதான் எனக்கு வேலை. சாப்பாட்டு நேரத்தில்தான் எடுத்தேன், யாரும் மேலிடத்துக்குப் போட்டுக்கொடுக்க வேண்டாம்.) திருவண்ணாமலையில் குடியிருப்பவள் கையில் கேமரா கிடைத்தால் வேறு என்ன செய்வாள்? துணி காயப்போடப் போனால்கூட எதிரே அது நிற்கிறது.

வேலூரில் நான் உறுப்பினராக இருக்கும் புகைப்பட மன்றம் வருடத்துக்கு ஒரு கண்காட்சி நடத்தும். உள்ளே நூறு படம் மாட்டினாலும், நுழைவாயில் சுவரில் ஒரே ஒரு படத்தைத்தான் தனியாக மாட்டுவார்கள். அந்தச் சுவர் மேல் எனக்குப் பேராசை. மூன்று வருடமும் மலையை அனுப்பினேன். மூன்று வருடமும் செயலாளர் முரளி சார் திருப்பி அனுப்பினார். கடைசித் தடவை போனிலேயே கூப்பிட்டார்.

"மேடம், மலை நல்லாத்தான் இருக்கு. ஆனா அது மலையோட பெருமை. இதுல நீங்க என்ன பண்ணீங்க?"

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் அவர் மேல் இல்லை. அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, அதுதான் கோபம். அப்போதுதான் மன்றத்தில் அறிவிப்பு வந்தது. லடாக்கின் நூப்ரா பள்ளத்தாக்குக்கு ஒன்பது பேர் பயணம். பாலைவன மணல்மேடுகள், பின்னால் பனிமலைகள். அந்தப் பயணத்தின் சிறந்த படம் நேராக நுழைவாயில் சுவருக்குப் போகும். நான்தான் முதல் ஆளாகப் பேர் கொடுத்தேன்.

"போயிட்டு வா. அங்கயும் போயி ஒரு மலைய எடுத்துட்டு வந்து நிக்காத" என்றார் என் கணவர் செந்தில்.

"குளுரு ஜாஸ்தியாம், டிவில சொன்னான். காலைப் பத்திரமா பாத்துக்க" என்று என் மாமியார் கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி வாங்கி வைத்தார்.

நானோ ஆபீஸ் முழுக்க, ரெக்கார்டு ரூம் வரைக்கும் போய், அந்தச் சுவர் இந்த வருடம் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். (வாய் அடக்கம் எங்கள் பரம்பரையிலேயே கம்மி.)

நூப்ராவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், கடவுள் எங்கள் ஊரில் ஒரு மலையைச் சிக்கனமாக வைத்துவிட்டு, மிச்சத்தையெல்லாம் அங்கே கொட்டியிருக்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. நடுவில் சாம்பல் நிறத்தில் மணல். இரவுக் காற்று அந்த மணலை நீவி நீவி, காலையில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் வைத்திருக்கும். அதன் மேல் சாய்வாக முதல் வெயில் விழுகிற பத்து நிமிடத்துக்காகத்தான் ஒன்பது பேரும் அவ்வளவு தூரம் போயிருந்தோம்.

முதல் நாள் மாலையே முரளி சார் ஒரு மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார். மூன்று மாடி உயரம், முதுகில் கத்தியால் கீறியதுபோல் ஒரு வளைவு, பின்னால் பனி மூடிய சிகரம். யாரும் அதன் பக்கம் போகவே கூடாது என்று உத்தரவு. மறுநாள் விடியுமுன் போய் இறங்கினோம். எட்டு கேமரா ஸ்டாண்டு நிற்கிற அளவுக்குத்தான் சமதளம் இருந்தது. ஒன்பதாவது ஆள் நான்.

"மேடம், நீங்க மேட்டுக்குப் பின்பக்கம் போயிடுங்க. வலதுபக்கம் புதர் இருக்கு பாருங்க, அந்த ஓரமாவே போங்க. நம்ம ஃப்ரேமுக்குள்ள கால்தடம் விழக்கூடாது" என்றார்.

தண்டனையாக வகுப்புக்கு வெளியே நிற்க வைத்த மாதிரி இருந்தது. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டேன். மற்றவர்கள் வண்டியிலிருந்து ஸ்டாண்டுகளை இறக்கப் போனார்கள். இருட்டு இன்னும் முழுசாகப் போகவில்லை.

இதற்கப்புறம் நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். என் கால்கள் செய்தன. ஏழு வயதிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போகிற கால்கள் அவை. பதினாலு கிலோமீட்டர், செருப்பில்லாமல், மலை எப்போதும் வலது கைப்பக்கம். புதர் ஓரமாகப் போனால் மேடு எனக்கு இடது கைப்பக்கம் வரும். என் மூளைக்கு முரளி சார் சொன்னது நன்றாகவே புரிந்தது. கால்களுக்குப் புரியவில்லை. அவை இடதுபக்கமாகத் திரும்பி, மேட்டை வலது கையில் வைத்து, சுத்தமான மணலில் நிதானமாக நடக்க ஆரம்பித்தன.

ஷூவைக் கழற்றியது எந்த நிமிடத்தில் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கழற்றியிருக்கிறேன். மேட்டுக்கு நேர் முன்னால், ரோஸ் கலர் ஷூ இரண்டையும் கோயில் வாசலில் விடுவதுபோல் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்திருக்கிறேன். மூன்று ஜோடி சாக்ஸில் இரண்டை அதற்குள்ளேயே சுருட்டி வைத்திருக்கிறேன். (மூன்றாவது அறையில் பத்திரமாக இருந்தது.)

பாதி தூரம் போனபோதுதான் பாதம் மரத்துப்போயிருப்பதே உறைத்தது. வலம் வரும்போது கால் வலித்தால் புண்ணியம் என்று நினைக்கிற ஊர் எங்களுடையது, அதனால் பொருட்படுத்தவில்லை. பின்பக்கம் போய் நின்றேன். மலைகளின் உச்சியிலிருந்து வெயில் படிப்படியாக இறங்கி வந்தது. மணலைத் தொட்டதுதான் தாமதம், முன்பக்கத்திலிருந்து ஒரே கூச்சல்.

மேட்டின் ஓரத்தில் எட்டிப் பார்த்தேன். எட்டுப் பேரும் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படியென்றால் வெளிச்சம் பிரமாதமாக விழுந்திருக்கிறது, சந்தோஷத்தில் குதிக்கிறார்கள். நானும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அதைப் பார்த்ததும் ஒருவர் மணலில் உட்கார்ந்தேவிட்டார்.

முரளி சாரின் குரல் மட்டும் தெளிவாக வந்தது. "மேடம், உங்க ஷூ. உங்க கால்தடம். எல்லா ஃப்ரேம்லயும் இருக்கு."

அப்போதுதான் கீழே பார்த்தேன். நான் வந்த வழி முழுக்கப் பள்ளம் பள்ளமாக என் பாதம். சாய்ந்த வெயிலில் ஒவ்வொன்றிலும் கறுப்பாக நிழல் தேங்கியிருந்தது.

"அப்படியே நில்லுங்க. இன்னும் கெடுக்காம, வந்த வழியே, அதே தடத்து மேலயே காலை வெச்சுத் திரும்பி வாங்க."

நியாயமான யோசனைதான். ஆனால் நான் சொன்ன பதில்தான் இன்றைக்கும் மன்றத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"முடியாது சார். பாதியில திரும்பக்கூடாது."

சொல்லிவிட்டு நடந்தேன். மிச்சமிருந்த பாதியையும் சுற்றினேன். அதுவரை கெடாமல் இருந்த வலதுபக்கமும் முடிந்தது. முன்பக்கம் வந்து சேர்ந்தபோது எட்டு முகங்களும் என்னைப் பார்த்தன.

"ஏன் மேடம் இந்தப் பக்கம் போனீங்க?" முரளி சார் மெதுவாகத்தான் கேட்டார். கத்தியிருந்தால் தேவலாம்.

"மலை சோத்துக்கைப் பக்கம் இருக்கணும் இல்ல சார்."

எங்கள் ஊருக்குப் பக்கத்துப் போளூரிலிருந்து வந்திருந்த ரவி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "அது கரெக்ட்டுதான சார்" என்றார். முரளி சார் அவரைப் பார்த்த பார்வையில் ரவி வண்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எட்டுப் பேர் லீவு போட்டு, மலை ஏறி, மூச்சுத் திணறி வந்து காத்திருந்த காலை அது. அதை நான் காலால் மிதித்துவிட்டேன். சுவராவது ஒன்றாவது, மன்றத்திலேயே இனி இடம் கிடையாது. குனிந்து ஷூவை எடுத்து மாட்டுகிற தைரியம்கூட இல்லை. அப்படியே விட்டுவிட்டு, வண்டிக்குப் பின்னால் இருந்த கல் சரிவில், மேட்டின் உச்சியையும் தாண்டி, யார் கண்ணிலும் படாத உயரத்துக்கு வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன்.

சிந்திவிட்டு நிமிர்ந்தபோது அது தெரிந்தது.

மேலிருந்து பார்க்கும்போது மணல்மேட்டைச் சுற்றி ஒரு முழு வட்டம். மனிதக் கால் ஒன்று, ஒரு தடவை, அவசரமே இல்லாமல் போய்வந்த வட்டம். அது தொடங்கி முடிகிற இடத்தில் ஒரு ஜோடி ரோஸ் ஷூ. பின்னால் பேர் தெரியாத அந்தப் பனிமலை. யாரோ ஒருத்தி அவ்வளவு பெரிய இடத்தில் தன்னந்தனியாக ஒரு மணல்மேட்டை மலையாக நினைத்து வலம் வந்திருக்கிறாள் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது. நான் தெரிந்தேன். மூன்று வருடமாக என் படங்களில் இல்லாத ஆள் அங்கே இருந்தாள்.

ஆறு படம் எடுத்தேன். ஏழாவதுக்குள் சுற்றுலா ஒட்டகங்கள் வரிசையாக வந்து வட்டத்தை நடுவில் வெட்டிக்கொண்டு போய்விட்டன. ஓர் ஒட்டகம் என் இடது ஷூவை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கீழே இறங்கியதும் கேமராவை முரளி சாரிடம் நீட்டினேன். பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் வண்டிக்குப் போய், தன் ஃபிளாஸ்க்கில் இருந்த வெந்நீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி என் காலடியில் வைத்தார். "முதல்ல காலை இதுல வைங்க மேடம். இந்தக் கால் நமக்கு வேணும்" என்றார்.

அந்த வருடக் கண்காட்சியில் நுழைவாயில் சுவரில் தொங்கியது என் படம்தான். ஆபீஸிலிருந்து ஒரு வேன் பிடித்து எல்லோரும் வந்தார்கள். படத்துக்குப் பக்கத்தில் நின்று நான் கொடுத்த போஸைப் பார்த்தவர்கள், அந்த மலையை நான்தான் கட்டினேன் என்று நினைத்திருப்பார்கள்.

மன்றத்தின் பயண விதிகளில் இப்போது கடைசி வரியாக, 'உறுப்பினர்கள் எதையும் வலம் வருதல் கூடாது' என்று சேர்த்திருக்கிறார்கள். யார் பெயரும் போடவில்லை. புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரும் காரணம் கேட்கிறார்கள், ரவி எழுந்து நின்று நடித்தே காட்டுகிறார். வீட்டில் செந்தில், நான் கடைக்குப் போய்த் திரும்ப நேரமானால், "வழியில எதையாச்சும் சுத்திட்டு வந்தியா?" என்று கேட்காமல் கதவைத் திறப்பதில்லை.

கண்காட்சி முடிந்து வந்த படம் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. மாட்டிய மறுநாளே கண்ணாடியில், மணல்மேட்டின் நடுநெற்றியில், ஒரு குங்குமப் பொட்டு. துடைத்தேன். அடுத்த நாள் மறுபடி இருந்தது. மாமியாரிடம் கேட்டேன்.

"அத்தை, அது லடாக்குல இருக்கிற ஏதோ ஒரு மணல்மேடு. அதுக்குப் பேரே கிடையாது."

"நீ சுத்தி வந்தியா இல்லியா? சுத்தி வந்துட்டா அப்புறம் சாமிதாம்மா."

போன கார்த்திகைக்குத் தீபம் பார்க்க முரளி சார் குடும்பத்தோடு வந்திருந்தார். பிரேம் போட்ட படத்தின் மேல் கைரேகை பட்டாலே கோபப்படுகிற மனிதர். பொட்டைப் பார்த்து வாயைத் திறந்தார். அதற்குள் என் மாமியார் விபூதித் தட்டோடு எதிரே வந்து நின்றுவிட்டார். சார் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.