பிஸ்கட் டின் மூடியில் ஓர் அரசமரம்

ஒரு சாண் உயர மரத்தின் நிழலில் உட்கார்ந்து நான் காற்று வாங்கியிருக்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மத்தியானம் குழந்தை தூங்குகிற நேரம். பம்பாய் மாதுங்காவில் எங்கள் இரண்டாவது மாடி ஜன்னல் மேடையில் மோவாயை வைத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடிக்கொள்வேன். பிஸ்கட் டின் மூடியில் நிற்கும் அந்த அரசமரம் மெல்லப் பெரிதாகும். கீழே தெருவில் போகிற டிராம், அதன் வேரடியில் எறும்பு போல ஊர்ந்து போகும். நான் எறும்பைவிடச் சின்னவளாகி, ஒரு புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடுவேன். தலைக்குமேல் இலைகள் சலசலக்கும். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தால்தான் திரும்பி வருவேன். (இப்படிப்பட்டவளை நம்பி ஒரு குழந்தையையும் ஒப்படைத்திருந்தார்களே, அதைச் சொல்லுங்கள்.)

இது உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் ஆரம்பித்தது. என் கணவர் கோட்டையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஆபீஸில் கழித்துப் போடுகிற பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளை எனக்காகக் கொண்டுவருவார். ஒன்றில் ஒரு ஜப்பான்காரர் நூறு வயது மரத்தைத் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு நிற்கிற படம் இருந்தது. பக்கத்திலேயே, சிறு கன்றிலிருந்து அப்படி ஒரு மரத்தை வளர்ப்பது எப்படி என்று விவரமாக எழுதியிருந்தது. நான் மெட்ரிக் பாஸ். அச்சில் இருப்பதை அப்படியே செய்கிற ரகம்.

எங்கள் கட்டடத்தின் பின்சுவரில், மழைத்தண்ணீர்க் குழாய் ஓரமாக, காக்காய் போட்ட விதையில் அரசங்கன்றுகள் முளைத்திருந்தன. மூன்றைப் பிடுங்கி வந்தேன். ஆணிவேரை வெட்ட வேண்டும் என்று போட்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். ஆழமில்லாத தட்டில் நட வேண்டும் என்று போட்டிருந்தது. பிஸ்கட் டின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு நட்டேன். தண்டு வளைந்து வளர மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றினேன்.

முதல் கன்று தண்ணீரில் அழுகிப் போயிற்று. குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் அதற்கும் கொடுத்தேன். இரண்டாவதை, வேர் பிடித்திருக்கிறதா என்று தினம் காலையில் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் அது போய்விட்டது. மூன்றாவது மட்டும் பிழைத்தது. காரணம், அந்த மாதம் குழந்தைக்கு மணல்வாரி அம்மை கண்டு, நான் கன்றை அடியோடு மறந்துபோனேன்.

குழந்தை என்றேனே, அவள் பெயர் ஜயா. அப்போது இரண்டரை வயது. அவளிடம் ஒரே ஒரு குறை, சாப்பிடமாட்டாள். அழமாட்டாள், அடம் பிடிக்கமாட்டாள். வாயை மட்டும் பூட்டிக்கொள்வாள். ஒரு பருக்கையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரைமணி நேரம் வீடெல்லாம் சுற்றிவருவாள். எதிர்வீட்டுப் பையன் அவளைவிட நாலு மாதம் சின்னவன், அவளைவிட ஒரு தலை உயரம். டாக்டரிடம் மாதம் ஒருமுறை தூக்கிக்கொண்டு போவேன். தராசு முள் போன மாதம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஆக, அந்த வீட்டில் எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று வளரவே கூடாது. இன்னொன்று வளர்ந்தே ஆக வேண்டும். இரண்டையும் நிலைப்படியில் பென்சிலால் கோடு போட்டு அளந்துவந்தேன். ஒருநாள் மரம் இரண்டு மாதமாகக் கோட்டைத் தாண்டவில்லை என்று பார்த்து, சந்தோஷத்தில் பாயசம் வைத்தேன். சாயங்காலம் ஜயாவை நிறுத்தி அளந்தேன். அவளும் தாண்டவில்லை. பாயசத்தையும் அவள் தொடவில்லை.

மேல்மாடி பாகீரதி மாமி பாலக்காட்டுக்காரர். சர்க்கரை ரேஷன் கார்டு விஷயமாக ஒருநாள் கீழே வந்தவர், ஜன்னலில் மரத்தைப் பார்த்துவிட்டுக் கிட்டே போய்க் குனிந்தார்.

"ஏண்டி ராஜம், வளர்ற மரத்தை வெட்டி வெட்டி இப்படிக் குறுக்கி வெச்சிருக்கியே. கொழந்தை இருக்கற ஆத்துல இது வேணுமோ?"

அவ்வளவுதான் சொன்னார். கார்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. நான் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்று பகலெல்லாம் சொல்லிக்கொள்வேன். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் மட்டும் ஜயாவின் மெலிந்த கணுக்கால் நினைவு வரும். கத்தரிப்பதை நிறுத்தினேன். மரம் ஒரே வாரத்தில் ஒட்டடைக்குச்சி போலக் கிளம்பிற்று. அதைப் பார்க்கச் சகிக்காமல் மறுபடி கத்தரித்தேன். கத்தரித்த நுனியைத் தூக்கிப் போட மனசு வராமல் அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தேன். என் கணவரிடம் கேட்டேன். அவர், மரத்துக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம், இரண்டும் உன்னிடம் மாட்டிக்கொண்டதைத் தவிர என்றார்.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. ஆணிவேர் போன கன்று, பென்சில் கனத்துக்குத் தண்டும் பதினான்கு இலைகளுமாக அசல் மரம் போலவே நின்றது. (ஜயாவுக்கு நாலரை வயது. பார்க்கிறவர்கள் மூன்று என்பார்கள்.)

அந்த வருஷம் நல்ல மழைக்காலத்தில் திங்கட்கிழமையும் அமாவாசையும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு அரசமரத்தை நூற்றெட்டு பிரதட்சணம் செய்வது எங்களவர் வழக்கம். சுற்றுக்கு ஒன்றாக ஏதாவது ஒரு பொருளை மரத்தடியில் போடுவார்கள். கணக்குக்குக் கணக்கும் ஆயிற்று, நைவேத்தியமும் ஆயிற்று. ஆனால் மூன்று நாளாக மழை. தெருமுனைக் கோவில் அரசமரத்தைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர். மடிசார் கட்டிக்கொண்டு கிளம்பிய மாமிகள் எட்டுப் பேர் எங்கள் மாடிப்படியில் நின்று, இனி என்ன செய்வது என்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் வாசல் கதவைத் திறந்தேன். நம்மாத்திலேயே ஒரு அரசமரம் இருக்கிறதே என்றேன்.

ஏன் சொன்னேன்? உபகாரம் என்று நினைத்தால் அது பொய். எட்டு சுமங்கலிகள் சுற்றி வந்து நமஸ்காரம் பண்ணிவிட்டால், நான் வெட்டிய பாவமெல்லாம் கழுவிப் போய், என் குழந்தை வாயைத் திறந்துவிடுவாள் என்று ஒரு கணக்கு. மெட்ரிக் பாஸ் போட்ட கணக்கு.

கூடம் பத்துக்குப் பன்னிரண்டு. நடுவில் முக்காலி, முக்காலிமேல் பிஸ்கட் மூடி, மூடியில் மரம். மாமிகள் குனிந்து பார்த்தார்கள். முதல் சந்தேகத்தை மூன்றாவது மாடி அலமேலு மாமி கிளப்பினார். உபநயனம் ஆகாத அரசமரத்தைப் பிரதட்சணம் பண்ணலாமா என்று கேட்டார். பாகீரதி மாமி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டத்தில் போனார்.

"ஆயிருக்கே. பூணல் போட்டிருக்கே, பார்."

"அது செப்புக் கம்பி, மாமி" என்றேன். மரம் வளையறதுக்காக நான் சுற்றியது என்று மெல்லிய குரலில் சேர்த்தேன்.

"செம்பு நூலைவிட மடியாக்கும்" என்றார் மாமி. அதோடு விவகாரம் தீர்ந்தது.

ரயில் நின்றுபோனதால் என் கணவர் வீட்டில்தான் இருந்தார். அவரையும் ஜயாவையும், ஒரு கிண்ணம் பருப்புசாதத்தையும், இங்கிலீஷ் பேப்பரில் வருகிற குறுக்கெழுத்துப் புதிரையும் சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். குழந்தையிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்று மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் சரி என்றார்.

சுற்ற ஆரம்பித்தோம். சர்க்கரை கிடைக்காத காலம், ஆளுக்கொரு பொட்டலம் வேர்க்கடலைதான். சுற்றுக்கு ஒரு கடலை. பெரிய மரத்தைச் சுற்றினால் அது நடை. முக்காலியைச் சுற்றினால் அது பம்பரம். இந்த வித்தியாசம் எங்கள் ஒன்பது பேரில் ஒருவருக்கும் முன்கூட்டித் தோன்றவில்லை. இருபதாவது சுற்றில் அலமேலு மாமி சுவரைத் தொட்டுக்கொண்டார். முப்பதில் ஒவ்வொருவரும் முன்னால் போகிறவரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டோம்.

நாற்பதுக்குமேல் எனக்குச் சுவர்கள் தெரியவில்லை. மழைச் சத்தம் இலைச் சத்தமாகிவிட்டது. முக்காலியும் தெரியவில்லை. மரம் மட்டும் உத்தரத்தைத் தொட்டு, அதையும் தாண்டி, மேல்மாடி மாமியின் கூடத்துக்குள் கிளைவிட்டுக்கொண்டு நின்றது. அதன் வேர்கள் ஒவ்வொன்றும் யானை முதுகு போல இருந்தன. நான் அவற்றின்மேல் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தேன். பச்சை வெளிச்சம். எங்கேயும் பயமில்லை. இத்தனை நாள் ஜன்னலில் மோவாயை வைத்துக்கொண்டு பார்த்தது இதைத்தான். என் குழந்தையை வளரவிடு, உன்னை இனி வெட்டவே மாட்டேன் என்று அதனிடம் சொன்னேன். சொன்ன கையோடு, அப்படி அடியோடு வாக்குக் கொடுப்பது சரியா என்று தோன்றி, ரொம்பக் கொஞ்சமாக வெட்டிக்கொள்கிறேன் என்று திருத்தினேன்.

எழுபதாவது கடலையோடு எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம். உட்கார்ந்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒன்பது பேரும் சுவரோரம் சரிந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கூடம் சுற்றி முடிக்கட்டும் என்று காத்திருந்தோம்.

கண்ணைத் திறந்தபோது முக்காலியருகே ஜயா நின்றுகொண்டிருந்தாள். சமையலறைக் கதவு எப்போது திறந்தது என்று யாருக்கும் தெரியாது. அவள் கையில் அரசிலை ஒன்று. வாயில் ஒன்று. நிதானமாக மென்றாள். கன்னத்தில் அடக்கவில்லை. விழுங்கினாள். அடுத்ததை வாயில் போட்டுக்கொண்டாள். மூடியைப் பார்த்தேன். செப்புப் பூணூலோடு ஒரு குச்சி நின்றது.

எழுந்து ஓடப் பார்த்தேன். நான் போக நினைத்த பக்கம் முக்காலி இல்லை, சுவர்தான் இருந்தது. அவள் கடைசி இலையை முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இன்னும்."

நாலரை வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு விஷமாகிவிட்டதோ என்று அழுதேனா, சந்தோஷத்தில் அழுதேனா என்று இன்றுவரை நிச்சயமில்லை. இரண்டுமாக இருக்கும்.

"சாமியைத் தின்னுட்டதே" என்றார் அலமேலு மாமி, கண்ணைத் திறக்காமலே.

இன்னும் முப்பத்தெட்டு சுற்று பாக்கி. பாதியில் விடக்கூடாத விரதம். எல்லாரும் பாகீரதி மாமியைப் பார்த்தார்கள். மாமி ஜயாவைப் பார்த்தார். மெல்ல எழுந்துவந்து மூடியை எடுத்து ஜன்னலில் வைத்தார். குழந்தையைத் தூக்கி முக்காலிமேல் உட்காரவைத்தார்.

"எங்கே போயிடும்? உள்ளேதானே இருக்கு. ம், சுத்துங்கோ."

எட்டு மாமிகள் என் பெண்ணைச் சுற்ற ஆரம்பித்தார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. முப்பத்தோரு சுற்று வரைக்கும் அவள் சாமி போலவே உட்கார்ந்திருந்தாள், காலடியில் விழுந்த கடலையெல்லாம் எடுத்துத் தின்றுகொண்டு. கடலை தீர்ந்ததும் இறங்கிச் சமையலறைக்குள் ஓடிவிட்டாள். மாமிகள் வேகத்தை நிறுத்த முடியாமல் பின்னாலேயே போனார்கள். உள்ளே என் கணவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, பதினேழு நெடுக்கில் ஒரு வார்த்தைக்காகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜயா அவர் மடியில் ஏறினாள். அவர் பயந்துபோய் அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்து நடுவில் நின்றார். மிச்ச ஏழு பிரதட்சணமும் அங்கேயே நடந்தேறியது. முடிந்ததும் எட்டுப் பேரும் நமஸ்காரம் பண்ணினார்கள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல், தீர்க்க சுமங்கலி பவ என்று சொல்லிவைத்தார்.

மழை கொஞ்சம் விட்டதும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் மராட்டிக்காரர். வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆடுகள் தினமும் தின்கின்றன, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார். வீடு திரும்பியதும் ஜயா தயிர்சாதம் கேட்டாள். கிண்ணம் காலியான பிறகும் கிண்ணத்துக்குள் பார்த்தாள். நான் மறுபடி பிசைந்து கொண்டுவருவதற்குள் தரையில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தாள். அந்தச் சாதத்தை நானே சாப்பிட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வாசல் மழையைக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு கவளமாக.

இருபது நாளில் குச்சியில் இலை வந்தது. முன்னைவிடப் பாதி அளவில், கண்ணை மூடாமலே மரமாகத் தெரிகிற மாதிரி. பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். சில வருஷத்துக்கு ஒருமுறை இலை முழுவதையும் பறித்துவிட வேண்டும், அப்போதுதான் அடுத்த இலைகள் சிறிதாக வரும் என்று கடைசியில் இருந்தது. பாவமாக இருக்கிறதே என்று நான் செய்யாமல் விட்ட ஒரே வேலை அதுதான்.

ஜயா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறார்கள், அவ்வளவு உயரம். மாமிகள் அரசமரத்தின் அனுக்கிரகம் என்கிறார்கள். டாக்டர் வயசு என்கிறார். எனக்கு இரண்டிலும் சந்தேகம். என் கணவருக்கு மட்டும் ஒரு சந்தேகமும் இல்லை. காபி ஆறிப்போனாலும் சட்டையில் பொத்தான் இல்லாவிட்டாலும், வந்தவர் போனவர் எல்லார் முன்னிலையிலும் சாவதானமாக ஆரம்பிப்பார்.

"மாதுங்காவிலே எட்டு சுமங்கலிகள் என்னை ஏழு தரம் பிரதட்சணம் பண்ணியிருக்கா. அந்தக் கூட்டத்திலே வராம சுவத்திலே சாஞ்சு உட்கார்ந்திருந்தவ ஒருத்திதான். எனக்குன்னு வாய்ச்சது அவ."