ஹோட்டல் வாசலில் கழற்றிய செருப்பு

ஆக்லாந்துத் தமிழர் வீட்டு விசேஷங்களில் ஒரு கதை சொல்வார்கள். கிறிஸ்மஸ் அலங்காரச் சோடனை பார்க்கப் போன ஒரு யாழ்ப்பாணத்துப் பெண், பெரிய ஹோட்டல் ஒன்றின் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாளாம் என்று. அவள் வெலிங்டனில் இருந்தவள் என்பார்கள் சிலர். ஒருவர் என்னிடமே அந்தக் கதையைச் சொல்லி, "இப்பிடியும் ஆக்கள் இருக்கினம் பாருங்கோ" என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இனியும் மறைத்துப் பயனில்லை. அந்தப் பெண் நான்தான்.

(வெலிங்டன் என்பது மட்டும் பொய்.)

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நியூசிலாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆக்லாந்தின் ஏவன்டேல் பகுதியில், ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுக்கும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் பட்டதாரி. ஆனால் மூலைக்கடைக்கு, இங்கே டெய்ரி என்பார்கள், பால் வாங்கப் போவதென்றாலும் சொல்லவேண்டிய ஆங்கில வசனத்தை வீட்டில் இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போவேன். கடைக்காரர் என் ஒத்திகையில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால், பாலை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

மகள் வானதிக்கு ஆறு வயது, மகன் குகனுக்கு மூன்று. வானதி வீட்டில் ஓயாமல் கதைப்பாள். குளியலறைக்குள் இருந்தும் கதை கேட்கும். ஆனால் பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் வாய் பூட்டிக்கொள்ளும். அவளுடைய வகுப்பில் தினமும் காலை பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு 'நியூஸ்' சொல்லவேண்டும். நாய் குட்டி போட்டது, பல் விழுந்தது, எதுவாகவும் இருக்கலாம். வானதி தன் முறை வரும்போது தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்துப் பிள்ளையைப் பார்ப்பாளாம். எட்டு மாதத்தில் ஒரு சொல் கூட அங்கே அவள் பேசியதில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள் அவளுடைய ரீச்சர் என்னைப் பள்ளிக்கூட வாசலில் மறித்தார். நல்ல மனுஷி. என் தோளில் கைவைத்துத்தான் சொன்னார். பிள்ளை எல்லாம் கவனிக்கிறாள், ஆனால் பேசவில்லை. ஆகவே அடுத்த வருடமும் அவளைச் சின்னப் பிள்ளைகளோடு இதே வகுப்பில் இருத்தலாமா என்று யோசிக்கிறோம், விடுமுறைக்கு முன் முடிவு செய்வோம் என்றார். போகும்போது, அவள் தானாகச் சொல்ல ஆசைப்படுகிற மாதிரி எதையாவது கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றும் சொன்னார்.

முதல் பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது. என் பிள்ளை வகுப்பேறவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருமே வகுப்பேறாமல் இருந்ததில்லை. (ஒரு சின்ன மாமாவைத் தவிர. அவர் பெயரை வீட்டில் எடுப்பதில்லை.) அன்று சோறு அடிப்பிடித்தது.

வானதிக்குச் சொல்ல ஒரு நியூஸ் தேடியபோது, பக்கத்து வீட்டு கோவிந்தம்மா அக்காதான் வழி சொன்னார். அவர் பிஜியில் பிறந்து வளர்ந்தவர். நகரத்தின் தெற்கே கேளிக்கைப் பூங்காவை ஒட்டியிருந்த ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. தங்கள் ஹோட்டலில் இந்த வருடம் பெரிய சோடனை, நகரத்துக்குள் இருக்கும் ஹோட்டலிலும் பார்க்கலாம், லாபிக்குள் யாரும் போகலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றார்.

நான் ஒரு கொப்பியை எடுத்தேன். பஸ் நேரங்களை எழுதினேன். ஹோட்டல் இரண்டையும் வரிசைப்படுத்தினேன். அடுத்த பக்கத்தில், வானதி நியூஸில் சொல்லவேண்டிய பத்து ஆங்கில வசனங்களை எழுதினேன். 'நான் ஒரு உயரமான கிறிஸ்மஸ் மரத்தைப் பார்த்தேன்' என்று தொடங்கி, 'அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியை அளித்தது' என்று முடியும். இன்னும் பார்க்கவேயில்லை என்பது ஒரு தடையாகத் தெரியவில்லை.

கணவர் எட்டிப் பார்த்தார். "நீர் சோடனை பாக்கப் போறீரோ, சோதனை எழுதப் போறீரோ?"

அவருக்குச் சனிக்கிழமையும் வேலை. ஆகவே நான்தான் இரண்டு பிள்ளைகளோடும் புறப்பட்டேன். பெரிய இடத்துக்குப் போகிறோம் என்று பட்டுச்சேலை கட்டினேன். வானதிக்குச் சட்டையில் நாடா, இரண்டு பேருக்கும் புதுச் செருப்பு. வெயில் கொளுத்தியது. இந்த நாட்டில் கிறிஸ்மஸ் நடுக்கோடையில் வரும் என்பது எனக்குத் தெரியும், பட்டுச்சேலைக்குத்தான் தெரியவில்லை. பஸ்ஸில் வானதி என் காதுக்குள் பத்து வசனங்களையும் ஒப்புவித்தாள். குகனுக்குக்கூட நான்காவது வசனம் பாடமாகிவிட்டது.

முதலாவது ஹோட்டலில், தொப்பி போட்ட ஒருவர் கதவைத் திறந்து, உதவி வேண்டுமா என்று கேட்டார். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று கோவிந்தம்மா அக்கா சொன்னதை நம்பி, அதற்கு நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. 'ஒருவருக்காகக் காத்திருக்கிறோம்' என்று வாயில் வந்துவிட்டது. அவர் எங்களை மெத்தை நாற்காலியில் உட்காரவைத்து, பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, யாருக்காக என்று கேட்டார். அந்த நேரத்தில் எனக்கு உலகத்தில் ஒரே ஒருவருடைய பெயர்தான் ஞாபகம் வந்தது.

ஐந்து நிமிடத்தில் என் கணவரின் பெயர், எழுத்துக்கு எழுத்து உடைந்து, ஒலிபெருக்கியில் ஹோட்டல் முழுக்க ஒலித்தது. குகன் துள்ளி எழுந்து, "அப்பா இஞ்சையோ?" என்று கேட்டான். மரம் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாவதுதான் பூங்கா ஹோட்டல். அங்கே கதவில் யாரும் இல்லை, பெரிய நிம்மதி. ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர், அதற்கப்பால் பூங்காவின் ரோலர் கோஸ்டர் கூச்சல்களோடு ஏறி இறங்கியது. உள்ளேயும் அதே அலங்காரம்தான். சின்ன ரோலர் கோஸ்டர் வண்டியில் கிறிஸ்மஸ் தாத்தா, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கியபடி இருந்தார். கூரையைத் தொடும் மரம், அதைச் சுற்றி ஓடும் பொம்மை ரயில், யன்னல்களில் பஞ்சால் செய்த பனி. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். நானும்தான்.

வாசலுக்குப் பக்கத்தில் மாட்டுக்கொட்டில் மாதிரி ஒரு கிறிஸ்மஸ் குடில் வைத்திருந்தார்கள். உண்மையான வைக்கோல், மங்கலான விளக்கு, நடுவில் குழந்தை. நான் யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். அது சாமி என்று எனக்குத் தெரியும். அதன் முன்னால், சுவரோரமாக, பத்துப் பன்னிரண்டு சோடி ரப்பர் செருப்புகள் கழற்றி விடப்பட்டிருந்தன.

ஒரு சாமியும் அதன் முன்னால் செருப்புகளும் இருந்தால், எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. இந்த வெள்ளைக்காரர்கள் எவ்வளவு பக்தியாக இருக்கிறார்கள் என்று உருகிப்போனேன். பிள்ளைகளின் செருப்பைக் கழற்றினேன், என்னுடையதையும் கழற்றினேன். அவர்கள் தாறுமாறாக விட்டிருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், எல்லாவற்றையும் சோடி சேர்த்து வரிசையாக அடுக்கி, எங்களுடையதைக் கடைசியில் வைத்தேன். பிறகு மூவரும் கைகூப்பிக் கும்பிட்டோம். குகன் பாதி கடித்த பிஸ்கட்டைக் குழந்தைக்கு முன்னால் படைத்தான்.

மரத்தைச் சுற்றி வந்து, ரயிலைப் பதினெட்டுத் தடவை பார்த்து, ஒன்பதாவது வசனத்தில் ஒரு திருத்தமும் செய்து திரும்பி வந்தபோது, சுவரோரம் துடைத்து வைத்தமாதிரி இருந்தது. ஒரு செருப்பும் இல்லை.

நடந்தது இதுதான், பிறகு தெரிந்தது. ஏதோ ஒரு நீச்சல் கழகத்துப் பிள்ளைகள் வருட முடிவு விருந்துக்காக அந்த ஹோட்டல் குளத்துக்கு வந்திருந்தார்கள். கொட்டிலுக்கு அடுத்த கதவுதான் குளத்துக்குப் போகும் வழி. விருந்து முடிந்ததும் அவர்களைக் கூட்டிவந்த பெண், அழகாக அடுக்கியிருந்த செருப்புகளையெல்லாம் ஒரே சாக்கில் வாரிக்கொண்டு போய்விட்டார். நான் அடுக்காமல் விட்டிருந்தால் எங்களுடையது தப்பியிருக்கும்.

"அம்மா, எங்கட செருப்பு எங்கை?" என்றாள் வானதி.

கேட்கவேண்டியது எனக்குத் தெரியும். பத்தடி தூரத்தில் வரவேற்பு மேசை, அங்கே சிரித்த முகத்தோடு ஒரு இளம்பெண். ஆனால் 'நான் செருப்பைக் கழற்றினேன்' என்று எப்படித் தொடங்குவது? ஏன் கழற்றினாய் என்று கேட்டால்? ஆகவே, படித்த பெண் எடுக்கக்கூடிய முடிவை எடுத்தேன். சேலையை இடுப்பில் தளர்த்தி, பாதம் மறையும்படி இறக்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் வெளியேறிவிடுவது.

நாலாவது அடியில் சேலையை நானே மிதித்தேன். விழாமலிருக்க மேசை விளிம்பைப் பிடித்தேன். பிடித்தது விளிம்பை அல்ல, அதன் நீளத்துக்கும் தொங்கவிட்டிருந்த இலைத் தோரணத்தை. அது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, மணிகள் குலுங்க, அவசரமே இல்லாமல் கழன்று வந்தது. கடைசி மணி விழுந்து முடிந்தபோது நான் கல்யாணப் பெண்போலக் கழுத்தில் மாலையோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். பாதங்கள் இரண்டும் சேலைக்கு வெளியே, எல்லாரும் பார்க்கும்படி.

அந்த இளம்பெண் ஓடிவந்தார். அடிபட்டதா என்று கேட்டார், என்ன நடந்தது என்று கேட்டார். என் வாயிலிருந்து ஆங்கிலம், தமிழ் எதுவும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அப்போதுதான், வானதி வகுப்பில் எப்படித் தலையை ஆட்டுவாள் என்பது எனக்கு விளங்கியது.

பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. ஆங்கிலத்தில், அதுவும் என் கொப்பி ஆங்கிலம் அல்ல, இந்த ஊர்ப் பிள்ளைகள் மூக்கால் இழுத்துப் பேசும் ஆங்கிலத்தில்.

"எங்கட அம்மா இதைக் கோயில் எண்டு நினைச்சிட்டா. அதுதான் செருப்பைக் கழட்டினவ. ஆரோ கொண்டு போயிட்டினம். அவவுக்குச் சொல்லப் பயம்."

வானதி எனக்கு முன்னால், என்னை மறைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் குனிந்து கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாள். என்ன நிறம், எத்தனை சோடி, வீடு எங்கே, அம்மா அழுவாவா. எட்டு மாதம் வாய் பேசாமல் இருந்த பிள்ளை அவ்வளவையும் கேட்டுக் கேட்டு உள்ளே சேர்த்து வைத்திருந்திருக்கிறாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. தோரணத்தை என் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு, கதவடியில் அப்படி ஒரு குடிலைப் பார்த்தால் யாருக்குமே தோன்றும் என்றார். (யாருக்கும் தோன்றாது. அந்தப் பொய்க்காக அவரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.) செருப்பைத் தேடி எடுத்து அனுப்புவதாகச் சொல்லி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு இனிப்பும் கொடுத்தார்.

வெறுங்காலோடு பஸ் ஏறினோம். ஊரே என் காலைப் பார்க்கும் என்று கூனிக் குறுகி உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்து மெதுவாக மற்றவர்களின் காலைப் பார்த்தேன். எதிரில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதருக்குச் செருப்பில்லை. அவருடைய மனைவிக்கும் இல்லை. பின்னால் நின்ற பெட்டைப்பிள்ளைகள் மூன்று பேருக்கும் இல்லை. கோடையில் பாதி ஆக்லாந்து அப்படித்தான் திரிகிறது. எட்டு மாதமாக நான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை. முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வீட்டில் கணவர் முழுக்கதையையும் அமைதியாகக் கேட்டார். "அடுக்கித்தானே வைச்சனீர்?" என்றார். ஓம் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மற்ற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்.

திங்கட்கிழமை வானதியை வகுப்பில் விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் கதவருகே நின்றேன். அவளுடைய முறை வந்தது. எழுந்தாள். 'உயரமான மரம்' என்று தொடங்குவாள் என்று என் உதடு தானாக அசைந்தது. அவள் மரத்தைத் தொடவேயில்லை. நேராகச் செருப்பில் தொடங்கினாள். ஒலிபெருக்கியில் அப்பா, குழந்தைக்குக் குகனின் பிஸ்கட், மணிகள் விழுந்த சத்தம், எல்லாம் நடித்துக் காட்டினாள். பாய் முழுக்கப் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். ரீச்சர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

ஒரு சிறுமி, உன் அம்மா அழுதாவா என்று கேட்டாள்.

வானதி அவள் பக்கம் திரும்பினாள். "பஸ்ஸில மட்டும். ஆனா அது செருப்புக்காக இல்லை."

நான் யன்னல் பக்கம் திரும்பியிருந்தேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் வகுப்பேறினாள். அந்தக் கிழமைக்குள்ளேயே கோவிந்தம்மா அக்கா ஒரு பையோடு வந்தார். எங்கள் மூன்று சோடியோடு, யாருடையதென்றே தெரியாத ஒற்றை நீல ரப்பர் செருப்பும் உள்ளே இருந்தது. அவர் வேலை செய்த இடத்தில் நடந்த கதை என்பதால், பை வருவதற்கு முன்பே கதை மேற்கே கிளென் ஈடன் தமிழர் வீடுகள் வரை போய்விட்டிருந்தது.

வானதி இப்போது நீதிமன்றத்தில் பேசிப் பிழைக்கிறாள். ஒவ்வொரு டிசம்பரிலும் நாங்கள் நால்வரும் ஹோட்டல் சோடனை பார்க்கப் போகிறோம். அந்த ஒற்றை நீலச் செருப்பு எங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் மரத்தில் நட்சத்திரத்துக்குக் கீழே தொங்குகிறது. ஹோட்டல் வாசலில் ஆறடி உயரக் குகன் குனிந்து என் காலைப் பார்த்து, "ஓகே, ரெண்டும் இருக்கு" என்று உரக்க அறிவிப்பான். அவனுடைய அப்பா, "அடுக்க விடாதை" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

அவர்கள் மரத்தைப் பார்க்கப் போனபிறகு, நான் குடிலுக்கு முன்னால் கொஞ்சம் பின்தங்குவேன். யாரும் பார்க்காத நேரம், இரண்டு குதிக்காலையும் செருப்பிலிருந்து மெல்ல உயர்த்திக் கும்பிடுவேன். விரல்களை மட்டும் எடுப்பதில்லை. அதில் நான் கவனம்.