முக்கியத்துவத்துக்கு ஏற்பப் பதில் வரும்

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள், நீங்கள் வைத்த பெயரில் சொன்னால் 'டிகிரி', எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை; அதில் அப்பாவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். உங்கள் நலத்தைக் கேட்கிற நிலைமையில் நான் இல்லை என்பதால் மாமாவின் இடது காலை மட்டும் விசாரிக்கிறேன். மாவுக்கட்டுக்குள் அரித்தால் ஸ்கேலை உள்ளே விட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். இது எனக்கு யாரும் ஃபார்வர்ட் செய்த தகவல் அல்ல. ஆபீஸில் பக்கத்து மேசைக்காரிக்குக் கை உடைந்தபோது ஸ்கேல் உள்ளேயே தங்கிவிட்டது. நேரில் பார்த்தேன்.

கடிதமா, இந்தக் காலத்திலா என்று கேட்பீர்கள். போனில் பேசினால் எனக்கு 'ம்' என்பதைத் தவிர வேறு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். மெசேஜ் அனுப்பினால் உங்களுக்கு ஒரு நாளில் வரும் முந்நூறோடு முந்நூற்று ஒன்றாகப் போய்விடும். அந்த ஆபத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் நம் குடும்பத்தில் இல்லை. ஏனென்றால் அதை உண்டாக்கியதே நான்தான். இந்தக் கடிதத்தின் விஷயமும் அதுதான்: பதினொரு நாளாக நீங்கள் அப்பாவோடு பேசாமல் இருக்கிறீர்கள், அந்தக் கோபம் தப்பான முகவரிக்குப் போயிருக்கிறது.

முதலில் இருந்து சொல்கிறேன். இரண்டு மாதம் முன்பு அப்பா ஒரு வீட்டில் ஏணி மேல் நின்று வயரிங் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு கையில் வயர், மறு கையில் செல்போன். பெரியப்பா அனுப்பிய செய்தி, நின்றுகொண்டு தண்ணீர் குடித்தால் முழங்கால் தேய்ந்துவிடும் என்பது. அதைப் படித்துக்கொண்டே அவர் இணைத்த இணைப்பில், அந்த வீட்டு வாசலில் யார் காலிங் பெல்லை அழுத்தினாலும் குளியலறையில் விளக்கு எரிந்தது. வீட்டுக்காரர் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாராம். நாலாம் நாள் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, "வெளியில யாரு வந்திருக்காங்கன்னு தெரிஞ்சுக்க நான் பாத்ரூம்லயே உட்கார்ந்திருக்கணுமாய்யா?" என்று கேட்டிருக்கிறார். கான்ட்ராக்டர் அப்பாவிடம், "இன்னொரு தடவை ஏணி மேல போனைப் பாத்தேன், அப்புறம் நீ வீட்டுலயே உட்கார்ந்து நிம்மதியா படிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து இதை எங்களிடம் சொன்னதோடு நிற்காமல் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டார். நாற்பத்து மூன்று பேர் அனுதாபம் தெரிவித்தார்கள். அந்த நாற்பத்து மூன்றையும் அவர் மறுநாள் ஏணி மேல்தான் படித்தார்.

அம்மாதான் என்னைப் பார்த்தாள். "படிச்ச புள்ள வீட்டுல இருக்கே, இதுக்கு ஒரு வழி பண்ண மாட்டியா?" என்றாள். நம் வீட்டில் ஃப்யூஸ் போவதிலிருந்து பால் திரிவதுவரை எது நடந்தாலும் இந்தக் கேள்வி வரும். ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்குவது எப்படி என்றால், பட்டத்தை ஒருத்தி வாங்க, அதற்கான சந்தேகங்களை மற்ற எல்லாரும் வாங்கிக்கொள்வதுதான். 'இது உண்மையா?' என்று கேட்டு எனக்கு மட்டும் ஒரு நாளில் முப்பது செய்திகள் வரும். காணாமல்போன ஒரு சிறுவனின் படத்தை எல்லாரும் எனக்கு அனுப்புகிறார்களே, அதிலுள்ள எண்ணுக்கு அப்பா ஒரு நாள் கூப்பிட்டே விட்டார். எடுத்தது கனத்த ஆண் குரல். "ஐயா, அந்தப் பையன் நான்தான். நான் கிடைச்சு ஒன்பது வருஷம் ஆச்சு. இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கீங்களா?" என்றது. அப்பாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "கிடைச்சுட்டானாம்!" என்று குரூப்பில் போட்டார். அதற்கும் வாழ்த்துகள் வந்தன.

என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். குளிர்சாதனப் பெட்டி வாங்கியவர்கள் அனுப்பும் புகார்களைப் படித்துப் பிரிப்பது. ஒரு நாளைக்கு அறுநூறு புகார். 'உடனே', 'அவசரம்', 'தீ', 'வக்கீல்' போன்ற சொற்கள் இருந்தால் முதல் கூடை. 'இன்னும் வரவில்லை', 'மறுபடியும்' இருந்தால் இரண்டாம் கூடை. 'பெரிதாக ஒன்றுமில்லை', 'முடிந்தால்', 'நேரம் கிடைக்கும்போது' இருந்தால் மூன்றாம் கூடை. அதை வாரக் கடைசியில் பார்ப்போம். சூப்பர்வைசர் என் மேசைக்குப் பின்னால் நின்று, "இந்தப் பொண்ணு வாயைத் திறக்காது, ஆனா கூடை எப்பவும் காலியா இருக்கும்" என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடம் காட்டுவார். எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான் என்பதால் அதை வீட்டுக்கும் எடுத்துவந்தேன்.

ஏற்பாடு இதுதான். அப்பா காலையில் வேலைக்குப் போகும்போது செல்போனை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். அவருக்கு அவசரத்துக்குப் பட்டன் போன் ஒன்று. அதன் எண் எனக்கும் அம்மாவுக்கும் கான்ட்ராக்டருக்கும் மட்டும். வந்த செய்திகளை எல்லாம் நான் மதிய இடைவேளையில் படித்து, மூன்று கட்டம் போட்ட ஒரு நோட்டில் எழுதுவேன்: 'இன்றே', 'இந்த வாரம்', 'ஞாயிறு'. சாயங்காலம் அப்பா கை கால் கழுவிவிட்டு வந்து 'இன்றே' கட்டத்தை மட்டும் படிப்பார். பல நாள் அது காலியாக இருக்கும். அப்பாவுக்கு முதலில் பழக்கம் விடவில்லை. தட்டில் சோறு இருக்க, கட்டைவிரல் மட்டும் மேசையை மேலும் கீழும் தேய்க்கும். அம்மா, "மேசைல என்னங்க செய்தி?" என்பாள். பத்து நாளில் அடங்கிவிட்டது. இரண்டாவது வாரம் அவர் என்னிடம், "ஏம்மா, உன் ஆபீஸ்ல உன் பக்கத்துல யாரு உட்கார்ந்திருக்காங்க?" என்று கேட்டார். நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடமாகிறது, அன்றுதான் கேட்டார். அரைமணி நேரம் பேசினோம். இதை நான் பெருமைக்காக எழுதவில்லை. ஏற்பாடு வேலை செய்தது என்பதும் பதிவில் இருக்கட்டும் என்றுதான்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அப்பாவுக்குத் தனியாக மெசேஜ் அனுப்புகிறவர்கள், பதில் வரவில்லையே என்று மறுபடி மறுபடி அனுப்பினார்கள். பெரியப்பா ஒரே மதியத்தில், "இருக்கியா?" என்று பதினான்கு முறை கேட்டிருந்தார். அதனால், கடைக்காரர்கள் வைத்துக்கொள்வதுபோல, யார் எழுதினாலும் தானாகப் போகிற பதில் ஒன்றை அப்பாவின் செல்போனில் வைத்தேன். வாசகம் என் ஆபீஸ் வாசகம்தான். 'தங்கள் செய்தி கிடைத்தது. முக்கியத்துவத்துக்கு ஏற்பப் பதில் வரும். நன்றி.'

அத்தை, இந்த வரியை அப்பா எழுதவில்லை. அப்பாவுக்கு அது இருப்பதே தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை அப்பாவின் செல்போனில் இருநூற்று எண்பத்தாறு செய்திகள் இருந்தன. அதில் ஒன்று, விண்வெளியிலிருந்து ஒரு கதிர் கிளம்பியிருக்கிறது, செல்போனை உடம்பைவிட்டுத் தள்ளி வைக்கவும், உடனே பகிரவும், உடனே, உடனே என்று ஏழு 'உடனே'யோடு. பெரியப்பா அனுப்பியது. விதிப்படி அதை 'இன்றே' கட்டத்தில் எழுதினேன். அதற்கு நாலு செய்தி கீழே உங்களுடையது இருந்தது. அது எனக்கு மனப்பாடம்: 'அண்ணே, அவர் மாடிப்படியில விழுந்துட்டார். பெருசா ஒண்ணும் இல்ல. நேரம் இருந்தா பேசுண்ணே.' முடிந்தது. மூன்றாம் கூடைக்குரிய சொற்களில் இரண்டு அதில் இருந்தன. என் கை 'ஞாயிறு' கட்டத்தில் எழுதியது: 'அத்தை. மாமா விழுந்தார். பெரிதாக ஒன்றுமில்லை.'

நீங்கள் கேட்கலாம், படித்தவளுக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லையா என்று. தோன்றியிருக்க வேண்டும். நம் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாததா? கதிர் வந்தால் ஏழு தடவை 'உடனே' போடுவோம். கால் உடைந்தால் பெருசா ஒண்ணும் இல்லை என்போம். உங்களுக்குப் பித்தப்பை எடுத்தபோது, "ஒரு சின்ன வேலையா ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தேன்" என்றுதானே சொன்னீர்கள்? அம்மா விரல் வெட்டிக்கொண்டபோது, முதலில் குழம்பை இறக்கி வைக்கச் சொன்னாள். குளிர்சாதனப் பெட்டிக்காரர்கள் அப்படி இல்லை, ஐஸ் கட்டி சின்னதாக வந்தால்கூட வக்கீலைக் கூப்பிடுவார்கள். அவர்களுக்கு எழுதிய விதியை நான் உங்களுக்குப் போட்டேன். மாமாவை ஸ்ட்ரெச்சரில் உள்ளே அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரி வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து நீங்கள் அண்ணனுக்கு எழுதியிருக்கிறீர்கள். ஒரு வினாடியில் அண்ணனிடமிருந்து வந்த பதில், முக்கியத்துவத்துக்கு ஏற்பப் பதில் வரும் என்பது. அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிடாததில் ஆச்சரியமில்லை. நானாக இருந்தால் குரூப்பைவிட்டு அன்றைக்கே வெளியேறியிருப்பேன். நீங்கள் ஞாயிறுவரை பொறுத்திருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா நோட்டைப் பிரித்தார். மூன்றாம் கட்டத்தில் ஆறு திருமண நாள் வாழ்த்து, ஒரு தொலைந்த குடை, நீங்கள். சட்டையைத் தப்பாகப் பொத்தான் போட்டுக்கொண்டே உங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். வாசலில் நீங்கள் சொன்னதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் நான் அவருக்குப் பின்னால், படிக்கட்டின் வளைவில் நின்றிருந்தேன். "முக்கியமான ஆளுங்க எல்லாம் வந்து பாத்துட்டுப் போயாச்சுண்ணே. நீ எதுக்குச் சிரமப்படுற?" என்றீர்கள். நான் முன்னால் வந்து, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து அப்போதும் 'ம்'தான் வந்தது. அதுவும் கதவு மூடிய பிறகு. திரும்பி வரும் வழியில் அப்பாவிடம், "நான் சொல்லிடுறேன்ப்பா" என்றேன். "வேணாம். என் மேல கோவம்னா நாலு நாள்ல போயிடும். உன் மேல கோவம்னா அவளால தாங்க முடியாது" என்றார்.

அது நிஜம் என்பதால்தான் எழுதுகிறேன். கல்லூரியில் சேர்ந்த அன்று விண்ணப்பத்தில் எந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நானும் அப்பாவும் சுவரோடு ஒட்டி நின்றோம். நீங்கள்தான் வரிசையில் பின்னால் நின்ற பெண்ணின் படிவத்தை எட்டிப் பார்த்து எனக்கு வரி வரியாகச் சொன்னீர்கள். கல்லூரி ஆவணத்தில் இன்றுவரை என் ரத்த வகை அந்தப் பெண்ணுடையது. ஆனால் இடம் கிடைத்துவிட்டது.

நாலு நாள் என்றார் அப்பா, பதினொன்று ஆகிவிட்டது. செல்போனைத் திரும்பக் கொடுத்துவிட்டேன், தானாகப் போகிற பதிலை எடுத்துவிட்டேன், நோட்டைக் கிழித்துவிட்டேன். இப்போது அவர் எந்தச் செய்தியையும் படிப்பதில்லை. உங்கள் பெயரைத் திறந்து, 'சாப்ட்டியா' என்று எழுதி, அழிக்கிறார். நேற்றுச் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் ஏணியைச் சுவரில் சாய்க்காமல் கீழே கிடத்தி, அதன் மேலேயே உட்கார்ந்து அழுதார். அம்மா உள்ளே இருந்து கேட்டதற்கு, கண்ணில் சுண்ணாம்பு விழுந்துவிட்டது என்றார். வயரிங் வேலையில் நேற்று சுண்ணாம்பு இல்லை.

ஆகவே அத்தை, கோபத்தை முகவரி மாற்றி எனக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். எத்தனை நாளானாலும் வைத்துக்கொள்கிறேன். அப்பாவிடம் மட்டும் பேசிவிடுங்கள். மாமாவுக்கு என் வணக்கமும், அவர் காலுக்கு என் மன்னிப்பும்.

உங்களுக்கு எப்போதும் கடமைப்பட்ட,
அண்ணன் மகள்

பின்குறிப்பு: இதைத் தனிச் சீட்டில் எழுதுகிறேன். கடிதம் இப்போது அப்பா கையில் இருக்கிறது. உறை வாங்கக் கடைக்குப் போய் வருவதற்குள் மேசையில் இருந்ததை எடுத்துப் படித்துவிட்டார். படித்ததும் அவர் செய்த காரியம், உங்களைக் கூப்பிட்டது. "டிகிரி உனக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்கா. தபால்ல வர நாலு நாள் ஆகும். நானே படிக்கிறேன், கேளு" என்று தொடங்கி, அடுத்த அறையில் உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே நான் கேட்டது நடந்துவிட்டது, இந்தக் கடிதத்துக்கு இனி வேலை இல்லை. ஆனாலும் தபாலில் சேர்க்கிறேன், காரணம் உண்டு. 'நான்' என்று நான் எழுதிய இடத்தில் எல்லாம் அவர் 'அப்பா' என்று படிக்கிறார். பதிலை வைத்தது அப்பா, கட்டத்தில் எழுதியது அப்பா. ஏணியும் சுண்ணாம்பும் வந்த இடத்தில், "இங்க கையெழுத்து புரியலம்மா" என்று தாண்டிவிட்டார். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதற்குப் பதிலாக, நீங்கள் இல்லாத வீடு வீடாகவே இல்லை என்று ஒரு வரி படித்தார். அப்படி நான் எழுதவில்லை. இப்போது கடைசிப் பக்கத்தில் இருக்கிறார். அதில் ஏழே ஏழு வரிதான், மீதி வெற்றுத்தாள். கால்மணி நேரமாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்.