ஆர்லோ ஸ்டென்சனின் மைதானத் துறவு

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஆர்லோ ஸ்டென்சன் எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி சொல்லக்கூடிய விஷயமாக அது அவருக்குத் தோன்றவில்லை.

"நாடீன், நல்லா கேட்டுக்கோ. இந்த வருஷத்துலேர்ந்து நான் மைதானத்துல கால் வைக்க மாட்டேன்."

அவர் மனைவி நாடீன் ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

டன்மோரில் இது சாதாரணப் பேச்சு இல்லை. கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கிற அந்தச் சின்ன ஊரில், கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணி ஆடுகிற சனிக்கிழமையில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். செத்தவரைக்கூட வெள்ளிக்கிழமையே அடக்கம் செய்துவிடுவார்கள். ஆர்லோவும் நாடீனும் முப்பது வருஷமாக நடுக்கோட்டுக்கு நேரே, ஒட்டினாற்போல் இரண்டு இருக்கை வைத்திருந்தார்கள். மழையிலும் போனார்கள், பனியிலும் போனார்கள். அணி பெரும்பாலும் தோற்றது. ஆர்லோவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர் கொள்கை தெளிவானது. வருஷம் பூரா தோற்கலாம். நவம்பர் கடைசியில், கடற்கரைப் பக்கத்து ஹார்பர் யுனிவர்சிட்டியை மட்டும் ஜெயித்துவிட வேண்டும். ஜெயித்தால் அந்தக் குளிர்காலம் முழுக்க நிமிர்ந்து நடப்பார். தோற்றால் ரொட்டி வாங்கக்கூட நாடீனைத்தான் அனுப்புவார்.

அந்த ஹார்பர்தான் போய்விட்டது. டிவிக்காரர்கள் பணத்தைக் கொட்டிக் கொடுக்கிறார்கள் என்று, நாட்டின் மறுகோடியில், தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்ளும் பெரிய கல்லூரிக் கூட்டணி ஒன்றில் சேர்ந்துவிட்டது; இனி அந்த நவம்பர் ஆட்டம் கிடையாது. அது கிளம்பியதும் மற்ற கல்லூரிகளும் ஆளுக்கொரு திசையில் பறந்தன. தேர்தல் நேரத்துக் கட்சிகள்கூட இத்தனை வேகமாகக் கூட்டணி மாறாது. டன்மோரை யாரும் கூப்பிடவில்லை. கடைசியில், அதேபோல யாரும் கூப்பிடாத கல்லூரிகளோடு சேர்த்து ஒரு புதுக் கூட்டணியை ஒட்டுப்போட்டார்கள். முதல் ஆட்டத்துக்கு வரும் எதிரணி எங்கோ பாலைவனத்திலிருந்து விமானத்தில் வருகிறது. அந்த ஊரை ஆர்லோ வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த பிறகும் அதன்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவரை உடைத்துவிட்டது. கோபமே வராத எதிரியோடு என்ன ஆட்டம்?

மனிதர் உண்மையாகவே நொந்துபோயிருந்தார். கோதுமைக் கிடங்கு மேனேஜர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே வேலை சனிக்கிழமை. அதையும் யாரோ எங்கோ உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டார்கள்.

ஆனாலும் சபதத்துக்குள் ஒரு சின்னத் திட்டம் இருந்தது. நாடீன் பதறுவாள். 'நீ இல்லாம நான் எப்படிப் போவேன்' என்பாள். அவர் முடியவே முடியாது என்பார். அவள் கெஞ்சுவாள். கொஞ்ச நாள் கெஞ்சவிட்டு, 'சரி, உனக்காகத்தான் வர்றேன்' என்று இறங்கிவருவார். கௌரவமும் நிற்கும், ஆட்டமும் பார்த்தாகிவிடும்.

"சரி" என்றாள் நாடீன்.

"என்ன சரி?"

"கால் வைக்க வேண்டாம்."

"நான் வெளையாட்டுக்குச் சொல்லல, நாடீன்."

"வெளையாட்டப் பத்தித்தானே சொன்ன?"

ஆர்லோ எதிர்பார்த்த பதில் இது இல்லை. இருந்தாலும் ஏறிய குதிரையிலிருந்து உடனே இறங்க முடியாதே.

"இனிமே இந்த வீட்ல ஃபுட்பால்ங்கற பேச்சே எடுக்கக்கூடாது. யாரும்!"

"யாரும்னா, நான்தானே? சரி."

"டிவில வர்ற விளையாட்டு சேனலையெல்லாம் நிறுத்தப் போறேன்."

"தாராளமா நிறுத்து. அந்தக் கிண்ணத்தக் கொஞ்சம் எடு."

அன்று மாலையே நிறுத்திவிட்டார். கெஞ்சல் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. செப்டம்பர் வந்துவிட்டது.

முதல் ஆட்டத்தன்று மதியம், ஆர்லோ பழைய பிக்கப் வண்டியின் சாவியைத் தேடினார். சபதத்தில் ரேடியோவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வண்டிக்குள் உட்கார்ந்து, என்ஜினைப் பார்ப்பதுபோல் ரேடியோ கேட்கலாம் என்பது அவர் கணக்கு. நாடீன் மாடியிலிருந்து இறங்கிவந்தாள். டன்மோர் அணியின் நிறத்தில் சிவப்புக் கோட்டு, சிவப்புத் தொப்பி. கையில் வண்டிச் சாவி.

"எங்க கெளம்பிட்ட?"

"வெளிய."

"வெளியன்னா?"

"வீட்ல சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கியே, அங்க."

வாசலில் ஹாரன் அடித்தாள். பக்கத்து வீட்டிலிருந்து வெர்னா பகெட் ஓடிவந்து ஏறிக்கொண்டாள். அவளும் சிவப்புக் கோட்டுதான். வண்டியும் ரேடியோவும் தெருமுனை திரும்பி மறைந்தன.

ஆர்லோ தோட்டத்தில் நின்றார். டன்மோர் அணி டச் டவுன் எடுத்தால், அதாவது பந்தை எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டால், மைதானத்தில் பீரங்கி வெடிப்பார்கள். அவர் வீடுவரை கேட்கும். முதல் வெடி கேட்டதும் அவர் கை தானாகவே மேலே போயிற்று. அதைத் தலை சொறிவதாக மாற்றிக்கொண்டார். ஆனால் எதிரி எடுத்தால் பீரங்கி வெடிக்காது. நீளமாக ஒரு மௌனம் வந்தால், எதிரி எடுத்துவிட்டானா, இல்லை ஒன்றும் நடக்கவில்லையா? பீரங்கிக்குக் காத்திருப்பதைவிட இந்த மௌனம் கொடுமையாக இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் வெர்னாவின் கணவர் க்ளெம் பகெட் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். க்ளெம் ஹார்பரில் படித்தவர். நவம்பர் வந்தால் இருவரும் ஒரு வாரம் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

"யோவ் ஆர்லோ, போன்ல ஸ்கோர் இருக்கு. சொல்லட்டா?"

"வேணாம்."

"மூஞ்சியப் பாத்தா வேணும்னு இருக்கே."

"மூஞ்சி சபதம் எடுக்கல, நான்தான் எடுத்திருக்கேன். உங்க ஆளுங்க ஆட்டம் இல்லையா இன்னிக்கு?"

"காலைல ஒம்போது மணிக்கே ஆரம்பிச்சுட்டாங்க. அந்தக் கோடில அப்பவே மத்தியானம், இங்க நான் பல்லுகூட வெளக்கல. ஆனா ஜெயிச்சுட்டோம்."

"வாழ்த்துகள்" என்றார் ஆர்லோ, மரியாதையாக.

க்ளெமுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இப்படி வாழ்த்துச் சொன்னா எப்படிய்யா? ரெண்டு வார்த்தை திட்டேன். ஜெயிச்சத யார்கிட்ட போய் பீத்திக்கறது? நாங்க அடிச்சது எவனோ முன்ன பின்ன தெரியாதவன. அவன் வந்து என் வேலிக்கு அந்தப் பக்கமா நிக்கப்போறான்?"

"போனது நீங்கதானய்யா."

"நான் போகலய்யா. நான் இங்கதான இருக்கேன்."

அப்போது மைதானத்திலிருந்து ஒரு பெரிய இரைச்சல் எழுந்து, பாதியில் அறுந்தது. பீரங்கி வெடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. ஜெயித்தால் பாடுகிற பாட்டுதான். ஆனால் மெதுவாகப் பாடினார்கள்.

க்ளெம் போனைப் பார்த்தார், ஆர்லோவைப் பார்த்தார், ஸ்கோரைச் சொல்லாமலே வீட்டுக்குள் போய்விட்டார்.

சாயங்காலம் நாடீன் வந்தாள். காற்றில் மூக்கு சிவந்திருந்தது, குரல் கம்மியிருந்தது. அடுப்பில் இருந்த இறைச்சியை எடுத்துப் பரிமாறினாள். ஆர்லோ உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தார்.

"வெளிய... வானிலை எப்படி?"

"நல்லா இருந்துச்சு."

"காத்து?"

"இருந்துச்சு."

"யார் பக்கமா அடிச்சுது?"

"மொதல்ல நம்ம பக்கம். அப்புறம் மாறிச்சு."

"எவ்வளவு மாறிச்சு?"

"ஆர்லோ, நீ வானிலையத்தானே கேக்கற?"

முள்கரண்டி தட்டில் விழுந்தது. "ஜெயிச்சோமா இல்லையா, அதச் சொல்லு!"

நாடீன் சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை.

"ஜெயிச்சோமாவா? யாரு, நாமளா? ஹார்பர் நம்மள விட்டுட்டுப் போச்சுன்னு வசந்த காலம் பூரா பொலம்பின. அப்புறம் நீயும் விட்டுட்டுப் போயிட்ட. அந்தப் பசங்க என்ன பண்ணுவாங்க? அவங்களா கையெழுத்துப் போட்டாங்க?"

ஆர்லோ தலையைக் குனிந்துகொண்டார். திட்டமும் சபதமும் அந்தத் தட்டில் ஆறிக் கிடப்பதுபோல் இருந்தது.

"ஒரே ஒரு பாயின்ட்ல தோத்தோம்" என்றாள் அவள், குரலைத் தணித்து. "கடைசி உதை கோல் கம்பத்துல பட்டுத் திரும்பிடுச்சு. அடிச்ச பையன் அப்படியே புல்லுல உக்காந்துட்டான். கூட்டத்துல யாரும் எந்திரிக்கல, ஆர்லோ. அவன் எந்திரிக்கற வரைக்கும் பாடினோம்."

'உனக்காகத்தான்' என்று தொடங்குவதற்காகத் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் ஆர்லோவின் தொண்டைவரை வந்து திரும்பிப் போயிற்று.

"அடுத்த ஆட்டத்துக்கு நானும் வர்றேன்" என்றார். "எனக்காகத்தான்."

நாடீன் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "வா. ஆனா உன் எடத்துல வெர்னா இருக்கா. சீசன் முழுக்க."

"என் எடத்துலயா? அவ ஹார்பர்காரன் பொண்டாட்டி!"

"அவ டன்மோர்ல படிச்சவ. க்ளெமுக்காக இத்தன வருஷம் வாய மூடிக்கிட்டிருந்தா. ஏப்ரல்ல கேட்டா, குடுத்துட்டேன்."

"ஏப்ரல்லயா? நான் சபதம் போட்டதே ஆகஸ்ட்லதானே!"

"ஹார்பர் போகுதுன்னு சேதி வந்தன்னிக்கே நீ ஒண்ணு போடுவேன்னு தெரியும். கொஞ்சம் லேட் பண்ணிட்ட."

ஆர்லோ தட்டை ஓரமாக நகர்த்தினார். அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது.

"அப்போ நான் எங்க உக்கார்றது?"

"எதிரணிப் பக்கம், மேல கடைசி வரிசை, க்ளெமுக்குப் பக்கத்துல. உங்க ரெண்டு பேருக்கும் சேத்து, அதையும் ஏப்ரல்லயே எடுத்து வெச்சுட்டேன்."